தெரிந்துகொள்ளுதல்

'தெரிதல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு அறிதல் என்றும் பொருள்; பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல் என்றும் பொருள். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. ஒருவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்குமுன் அவரை ஆராய்ந்து அறிய வேண்டும். அறிந்தபின் ஐயுறாமல் நம்ப வேண்டும் என்பது அதன் சாரம். பழைய விவிலிய மொழிபெயர்ப்புகளில் ஆண்டவர் இஸ்ரயேலைத் 'தெரிந்துகொண்டார்' என்று வாசித்துப் பழகிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அறிவதையும் தேர்வதையும் ஒரே சொல்லில் வைத்த நம் முன்னோர், அறியாத ஒன்றை எவரும் உண்மையில் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை உணர்ந்தே அவ்வாறு வைத்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

நம் குடும்பங்கள் எத்தனையோ காரியங்களில் இந்த நெறியைத் தவறாமல் கடைப்பிடிக்கின்றன. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மூன்று தலைமுறைக்கு விசாரிக்கிறோம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்குமுன் நான்கு பேரைக் கேட்கிறோம். வீடு கட்டக் கொத்தனாரை அமர்த்துவதென்றால், அவர் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். ஆனால் ஒரு பெண் கருவுற்று, மாதக்கணக்கில் சுமந்து, தன் உயிரையும் தன் பிள்ளையின் உயிரையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும் வேளையில், அந்தக் கை யாருடையது என்று பெரும்பாலும் அவளுக்கே தெரிவதில்லை. இது மருத்துவத் துறையினர் கவனிக்க வேண்டிய நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்கிவிடலாமா? அல்லது இதில் நம் குடும்பங்களை நோக்கிய அறநெறிக் கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறதா? அடங்கியிருக்கிறது என்பதே நமது துணிபு.

தென்மாவட்டப் பங்கு ஒன்றில், இரண்டாம் பிள்ளைக்கு ஆறு மாதமாய் இருந்த ஒரு பெண்ணிடம், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டோம். "எங்க அத்தையும் அவுகளும் எங்க சொல்லுதாகளோ அங்கதான் சாமி" என்று பதில் வந்தது. "உனக்கு எங்கேம்மா விருப்பம்?" என்றதற்கு அவர் சிரித்துவிட்டார். "அத யோசிக்க எங்க சாமி நேரமிருக்கு?"

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். விடியுமுன் எழுந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது, மூத்தவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது, படுக்கையில் இருக்கும் மாமனாருக்கு மருந்து கொடுப்பது, அதன்பின் பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றத் தொடங்குவது, மாலையில் கட்டுகளை எண்ணிக் கடையில் ஒப்படைப்பது என்று அவருடைய நாள் ஓடியது. நமது பகுதியின் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள் செவ்வாய்க்கிழமை. அங்கே போய் எடை, இரத்த அழுத்தம், இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துத் திரும்ப நண்பகல் ஆகிவிடும். அன்றைய பீடியில் பாதி குறையும். குறைந்த பீடிக்குக் கூலி கிடையாது. செவ்வாய்க்கிழமைதான் அந்தோனியார் நவநாளும். மாமியார் நவநாளுக்குப் போனால் மாமனாருக்குத் துணையாக வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதால் பரிசோதனை தள்ளிப்போன வாரங்களும் உண்டு. புனித அந்தோனியார் இந்த ஏற்பாட்டுக்கு இசைந்திருக்க மாட்டார் என்பது திண்ணம்.

விவேகம் என்னும் புண்ணியத்தைப் பற்றிப் புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் மிக விரிவாக எழுதியிருக்கிறார். ஆள்வோருக்கும் நீதிபதிகளுக்கும் உரிய புண்ணியம் அது என்று பலர் கருதுவதுண்டு. அடுப்படிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக எவரும் நினைப்பதில்லை. விவேகத்தின் செயலை அவர் மூன்றாகக் காண்கிறார்: ஆலோசித்தல், தீர்ப்பிடுதல், செய்யப் பணித்தல். இவற்றுள் முதலாவதைப் பற்றிப் பேசும்போது, ஆலோசனை நிதானமாகவும் செயல் விரைவாகவும் இருக்க வேண்டும் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை எடுத்தாள்கிறார். மேலும், தனி ஒருவர் தம் அறிவை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் ஆராய முடியாது. அதற்கு நீண்ட காலம் வேண்டும். ஆகவே அனுபவம் மிக்கோரிடம் கேட்டுக் கற்கும் பணிவு விவேகத்தின் ஓர் உறுப்பு என்றும் சொல்கிறார். இந்த இரு கருத்துகளையும் அந்தப் பெண்ணின் பதிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆலோசனைக்குக் காலம் தேவை என்றால், காலம் மறுக்கப்பட்டவருக்கு விவேகத்தின் முதற்படியே மறுக்கப்படுகிறது. அவர் சார்பில் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். அல்லது வழக்கம் தீர்மானிக்கிறது. அல்லது வலி வந்த இரவில் எந்த வண்டி முதலில் கிடைக்கிறதோ அது தீர்மானிக்கிறது.

"ஐந்து பெற்றவள் நான். எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரிந்துவிடப் போகிறது?" என்று கேட்கும் மாமியார்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தோமா அக்குவினாஸ் பேசும் பணிவுக்கு உரியவர்கள் அவர்களே. ஆயினும் ஆலோசனை சொல்வது ஒன்று. ஆலோசிப்பவரின் இடத்தையே எடுத்துக்கொள்வது வேறொன்று. நம் பங்குகளில் தியாகத் தாய்க்கு எடுத்துக்காட்டாகப் புனித ஜான்னா பெரெத்தா மொல்லாவைக் குறிப்பிடும் மறையுரைகளை அடிக்கடி கேட்கிறோம். 1962 ஏப்ரலில் நான்காம் குழந்தையைப் பெற்று ஒரு வாரத்தில் இறந்தவர் அவர். 2004 இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கர்ப்பப்பையில் கட்டி கண்டபோது, குழந்தைக்குக் கேடு வராத அறுவை முறையையே கேட்டுப் பெற்றார். மறையுரைகளில் விடுபட்டுப்போகும் ஒரு செய்தி உண்டு: ஜான்னா ஒரு மருத்துவர். தம் உடலில் நடப்பது என்ன, ஒவ்வொரு வழியிலும் உள்ள ஆபத்து என்ன என்பதை முழுமையாக அறிந்து, தாமே ஆலோசித்து, தாமே முடிவெடுத்தார். எதையும் அறியவிடாமல், எதையும் கேட்காமல், ஒரு பெண்ணைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜான்னாவின் பெயரை அதற்குத் துணைக்கழைப்பது அப்புனிதருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. பேறுகால வேதனையைப் பற்றியும் இதே தெளிவு வேண்டும். மருத்துவ முறைகளால் அவ்வேதனையைக் குறைப்பது விவிலியத்துக்கு முரணானதன்று என்று திருத்தந்தை 12 ஆம் பத்திநாதர் 1956 இலேயே விளக்கியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை, ஊர் மருத்துவச்சியை எல்லாருக்கும் தெரியும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். கணவனைப் பெற்றெடுக்கக் கை கொடுத்தவரே மனைவிக்கும் கை கொடுப்பார். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது பேறு, முந்தைய பேற்றில் என்ன சிக்கல் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. ஆனால் அந்த நினைவை நாம் பொன்முலாம் பூசிப் பார்க்கலாகாது. பல ஊர்களில் மருத்துவச்சி முடிதிருத்தும் குலத்தைச் சேர்ந்தவராகவும், சில இடங்களில் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தவராகவும் இருந்தார். தொப்புள்கொடி அறுப்பது தீட்டு என்று கருதியதாலேயே அந்தப் பணி அவர்கள் தலையில் வைக்கப்பட்டது. வலி எடுத்த இரவில் அவசரமாக அழைத்து வரப்பட்டவர், வேலை முடிந்ததும் கொல்லைப்புற வழியாக அனுப்பப்பட்டார். படி நெல்லும் பழஞ்சேலையும் கூலி. குழந்தையை உலகில் முதலில் தொட்ட கை, மறுவாரமே அந்தக் குழந்தையைத் தொடக்கூடாத கை ஆயிற்று. கிறிஸ்தவக் குடும்பங்கள் இதற்கு விலக்காக இருந்தன என்று சொல்ல நமக்கு ஆசைதான், சொல்ல முடியவில்லை. எல்லாரும் அறிந்திருந்த ஒருவரை எவரும் மதிக்கவில்லை. அவருக்குப் பயிற்சி கொடுக்கவோ, சுத்தமான கருவிகள் வாங்கித் தரவோ எவருக்கும் தோன்றவும் இல்லை. பேற்றுக்குப் பின் இரத்தம் நில்லாமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் பிரிந்துவிடும். அதைத் தடுக்கும் மருந்து அவர் கையில் இல்லை. எத்தனையோ தாய்மார் அப்படிப் போனார்கள்.

மதிப்பு, மானம் என்ற பெயரால் தவறான அளவுகோல் கொண்டு தேர்ந்தெடுப்பதன் விலை என்ன என்பதற்குத் திண்டிவனத்தில் நிகழ்ந்த ஒன்று சான்று. அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் மருத்துவப் பணியாளரான தந்தையின் இல்லத்துக்கு வந்திருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து தங்கள் மனைவியரின் பேற்றுக்கு உதவ அழைத்தனர். அவரோ மருத்துவம் படித்தவர் அல்லர். மருத்துவரான தந்தை வரத் தயாராக இருந்தார். ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவர்கள் ஒப்பவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஸ்கடர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900 இல் திரும்பி வந்தார். வேலூர் மருத்துவமனை அவ்வாறு எழுந்தது. 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அங்கே தொடங்கியது.

இதில் நம் திருச்சபையின் கணக்கும் ஒன்று உண்டு. துறவறப் பெண்கள் பிரசவம் பார்ப்பதைத் திருச்சபை ஒழுங்கு நெடுங்காலம் தடுத்திருந்தது. கற்பு வார்த்தைப்பாட்டுக்கு அது பொருந்தாது என்று கருதினார்கள். ஆண் மருத்துவரை அணுக முடியாத இந்தியப் பெண்கள் மடிவதைக் கண்ட ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காத்லாந்து மருத்துவர், இத்தடையை நீக்கும்படி மீண்டும் மீண்டும் உரோமையை வேண்டினார். 1913 இல் அவர் இறக்கும்வரை அது நடக்கவில்லை. அவர் காட்டிய வழியில் இராவல்பிண்டியில் பணியாற்றிய அன்னா டெங்கல் 1925 இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகளின் சபையைத் தொடங்கினார். 1936 பெப்ரவரியில்தான் தடை நீங்கியது. இன்று நம் மறைமாவட்டங்களில் அருள்சகோதரிகள் நடத்தும் மகப்பேற்று மருத்துவமனைகளில் பிறந்தவர்கள் நம் வாசகர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்தச் சகோதரிகளின் கை நமக்குக் கிடைப்பதற்கு முன் ஒரு தலைமுறைப் பெண்கள் காத்திருந்தார்கள் என்பதையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

இன்றைய நிலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. 2018-20 ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறந்த தாய்மார் இந்திய அளவில் 97 பேர். தமிழ்நாட்டில் 54 பேர். இது சிறிய சாதனை அன்று. இதில் பெரும் பங்கு, ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவராக ஊர் ஊராகச் செல்லும் கிராம சுகாதார செவிலியருக்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவு பகலாக மூன்று முறைமாற்றத்தில் நிற்கும் செவிலியருக்கும் உரியது. 'நர்ஸ் அம்மா' என்று நம் மக்கள் அழைக்கும் இவர்களே இக்கால மருத்துவச்சிகள். ஆனால் வசதி சற்று வந்தவுடன் நம் குடும்பங்கள் அவரைக் கடந்து நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகின்றன. கட்டடம் பெரிது, அறை குளிர்ந்தது, பக்கத்து வீட்டார் போனார்கள் என்பவையே பெரும்பாலும் காரணங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பேறுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 சிசேரியன் அறுவையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் அது 60ஐத் தாண்டியிருக்கிறது. அறுவை உயிர் காக்கும் வேளைகள் உண்டு. அப்போது தயங்குவது பாவம். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது தேவைப்படுகிறது என்பதை நம்ப முடியவில்லை. நல்ல நாள் பார்த்து அறுவைக்கு நேரம் குறிக்கச் சொல்லும் குடும்பங்களும் உண்டு. அவற்றில் ஞாயிறு தவறாமல் பலிபூசைக்கு வருவோரும் இருக்கிறார்கள்.

இதற்கு எதிர்வினையாக, மருத்துவமே வேண்டாம், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கிளம்புவோரும் இருக்கிறார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் இறந்தார். மருத்துவமனையின் அவசரத்தைக் கண்டு அஞ்சியோர் அறிவையே துறந்துவிட்டார்கள். பயிற்சி பெற்ற ஒரு பெண் தொடக்கம் முதல் உடனிருந்து, ஆபத்தின் அறிகுறி கண்டதும் உரிய மருத்துவரிடம் அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது என்பதே இரு தரப்பாருக்கும் தெரிவதில்லை. ஒரே செவிலியர் கர்ப்பகாலம் முழுவதும், பேற்றின்போதும், அதன் பின்னும் கவனித்துக்கொண்டால் அறுவையும் கருவிப் பயன்பாடும் குறைகின்றன, தாய்மாரும் நிறைவோடு இருக்கிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கண்டிருக்கிறார்கள். நடுவண் அரசும் 2018 இல், செவிலியருக்குப் பதினெட்டு மாதச் சிறப்புப் பயிற்சி தந்து அவர்களையே பேறுகாலப் பொறுப்பில் அமர்த்தும் திட்டத்தை அறிவித்தது.

எவ்வளவு நன்கு தேர்ந்தாலும் நல்முடிவு உறுதி என்று எவரும் சொல்ல இயலாது. தொடக்க நூலில் ராகேல் எப்ராத்தாவுக்குப் போகும் வழியில் பேறுகால வேதனைப்படுகிறார். உடன் மருத்துவச்சி இருக்கிறார். அஞ்ச வேண்டாம் என்று தேற்றுகிறார். குழந்தை பிறக்கிறது, தாய் இறக்கிறார். பேற்றில் மரணம் நேர்ந்த வீடுகளில் நாம் கண்டிருக்கும் பெரும் துன்பம், இழப்பைவிடவும் அதன்பின் எழும் குற்றச்சாட்டு. வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே, முந்தின நாளே கிளம்பியிருக்கலாமே என்று ஒருவரை ஒருவர் வதைப்பார்கள். விவேகத்தின் உறுதி எல்லாக் கவலையையும் போக்கும் அளவுக்கு இருக்க முடியாது என்று தோமா அக்குவினாஸ் எழுதியிருப்பதை அத்தகைய வீடுகளில் நாம் நினைத்துக்கொள்வதுண்டு. முடிவைக் கொண்டு தேர்வை அளப்பது நியாயம் அன்று. ஆலோசித்தார்களா, அந்தப் பெண்ணைக் கேட்டார்களா என்பதே அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. கேட்டிருந்தால் அவர்கள் துக்கப்படலாம். தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை.

விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரம் இரண்டு மருத்துவச்சிகளின் பெயரை நமக்குத் தந்திருக்கிறது: சிப்ரா, பூவா. எகிப்தின் மன்னனுக்கு அங்கே பெயர் இல்லை. பார்வோன் என்ற பட்டம் மட்டுமே. ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி அவன் இட்ட கட்டளைக்கு அவர்கள் பணியவில்லை. ஏன் என்று அவன் கேட்டபோது, எபிரேயப் பெண்கள் எகிப்தியப் பெண்களைப் போன்றவர்கள் அல்லர், வலிமை மிக்கவர்கள், மருத்துவச்சி வருமுன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். இது பொய் அல்லவா, பொய்க்குக் கடவுள் பரிசு தருவாரா என்று புனித அகுஸ்தீனார் முதல் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் பரிசு பெற்றது பொய்க்காக அன்று, இறையச்சத்துக்காகவும் இரக்கத்துக்காகவும் என்பது மரபு கண்ட விடை. அது இருக்கட்டும். நம் கவனத்தை ஈர்ப்பது அந்தச் சாக்கின் உள்ளடக்கம். உழைக்கும் பெண் எளிதில் பெற்றுவிடுவாள், அவளுக்கு மருத்துவச்சி தேவையில்லை என்பதே அது. பார்வோனை ஏமாற்ற அவர்கள் சொன்னதை நாம் இன்றுவரை உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். "வேலை செய்யற உடம்பு, தன்னால சுகப்பிரசவம் ஆகும்" என்று சொல்லி நிறைமாதப் பெண்ணைக் குடம் சுமக்க வைக்காத ஊர் எது? உயிரைக் காக்கச் சொன்ன சொல்லை, ஒரு பெண்ணுக்கு ஓய்வையும் பரிசோதனையையும் மறுக்கும் சொல்லாக மாற்றிவிட்டோம்.

சிப்ராவும் பூவாவும் நம் நூற்றாண்டுக்கு அருகிலும் வந்திருக்கிறார்கள். போலந்தில் வூச் நகரத்து மருத்துவச்சியான ஸ்டனிஸ்லாவா லெஷ்சின்ஸ்கா நான்கு பிள்ளைகளின் தாய். 1943 இல் மகளோடு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். பிறக்கும் குழந்தைகளைக் கொன்றுவிடும்படி கட்டளை வந்தது; அவர் மறுத்துவிட்டார். தண்ணீருக்கும் துணிக்கும் வழியில்லாத அந்த இடத்தில் 3,000க்கும் மேற்பட்ட பேறுகளைப் பார்த்தார். பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கும் அளித்தார். அவற்றில் மிகப் பல பசியாலும் கொலையாலும் மாண்டன என்பது கொடிய உண்மை. போர் முடிந்தபின் ஊர் திரும்பி, மீண்டும் தம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் பிரசவம் பார்க்கச் சென்றார்.

நம் ஊர் வழக்கங்களில் ஒன்றையும் இங்கே கேள்விக்கு உள்ளாக்க வேண்டியிருக்கிறது. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிள்ளைக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது இனிய வழக்கம். பெற்ற தாயின் அருகிலிருப்பதன் ஆறுதலுக்கு ஈடில்லை. அடுப்படியிலிருந்து அவளுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறையும் அதுவே. ஆனால் ஏழு மாதம் அவளைக் கவனித்த செவிலியர் கணவன் ஊரில் இருந்துவிடுகிறார். இரத்தம் குறைவு என்று கண்டு மாத்திரை கொடுத்தவர், கால்வீக்கத்தைக் கண்டு எச்சரித்தவர், அவள் இரவில் அழுததைக் கேட்டறிந்தவர் அவர். பேறோ முன்பின் அறியாத ஒருவர் கையில் நிகழ்கிறது. கையில் இருக்கும் அட்டையும் பதிவெண்ணும் அவளோடு போகும். அறிந்த மனம் போகாது. தாய்வீட்டுக்குப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போவதென்றால் ஐந்தாம் மாதமே ஒருமுறை போய் அந்த ஊர்ச் செவிலியரைப் பார்த்துப் பேசிவிட்டு வரலாமே. வரன் பார்க்கப் போகிற தூரம்தானே அது?

மரியா எலிசபெத்தை நாடிப் போனதை நாம் செபமாலையில் தியானிக்கிறோம். எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். மரியா ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. பேற்றின்போது மரியா இருந்தாரா, அதற்கு முன்பே திரும்பினாரா என்பதில் அறிஞர்கள் மாறுபடுகிறார்கள். எவ்வாறாயினும், வயது முதிர்ந்த கர்ப்பிணி யாரையும் தேடி அலையவில்லை. துணை அவர் வீட்டு வாசலுக்கு வந்தது. நம் அண்டை நாடான இலங்கையில் 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவின் வழியாக இதே முறைதான் வேரூன்றியது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள நம் உறவினர் 'குடும்பநல மாது' என்று அழைக்கும் பயிற்சி பெற்ற மருத்துவச்சி வீட்டுக்கே வந்து, அடுப்படித் திண்ணையில் அமர்ந்து கர்ப்பிணியைப் பரிசோதிக்கிறார். தாய்மார் மரணத்தைக் குறைப்பதில் அந்நாடு நெடுங்காலம் நமக்கு முன்னே நின்றதற்கு அந்த வருகைகள் ஒரு முக்கிய காரணம். நேரமில்லாத பெண்ணிடம் நேரத்தை உண்டாக்கிக்கொள்ளச் சொல்வதைவிட அவளிடம் போவது மேலானது. நம் கிராம சுகாதார செவிலியரின் கடமையிலும் வீட்டு வருகை உண்டு. ஆனால் பதிவேடுகளும் கைப்பேசியில் ஏற்ற வேண்டிய கணக்குகளும் அவர் பொழுதைத் தின்றுவிடுகின்றன. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரும் உலை வைத்துவிட்டுத்தான் வருகிறார். இறைவன் சிப்ராவுக்கும் பூவாவுக்கும் குடும்பங்களைத் தந்து ஆசி வழங்கினார் என்று விவிலியம் சொல்வதை வாசிக்கும்போதெல்லாம், அந்தக் குடும்பங்களை யார் கவனித்துக்கொண்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

1917 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 743 ஆம் எண், ஆபத்து வேளையில் திருமுழுக்கு அளிக்கும் முறையை இறைமக்களுக்கு, சிறப்பாக மருத்துவச்சிகளுக்கும் மருத்துவர்களுக்கும், பங்குத்தந்தை கற்பிக்க வேண்டும் என்று பணித்தது. 1983 இன் புதிய தொகுப்பில் அதற்கு நிகரான 861 ஆம் எண்ணில் கற்பிக்கும் கடமை இருக்கிறது, மருத்துவச்சி இல்லை. சட்டம் வகுத்தோரைக் குறை கூறுவதற்கில்லை, பேறு மருத்துவமனைக்குப் போய்விட்ட காலம் அது. ஆனால் தன் பங்கின் எல்லைக்குள் பிரசவம் பார்ப்பவர் யார் என்று ஒரு குரு தெரிந்துவைத்திருக்க வேண்டிய கட்டாயமும் அந்தச் சொல்லோடு சேர்ந்து மறைந்தது. பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டினால், குழந்தைக்கு மருத்துவச்சியே திருமுழுக்கு அளித்தார் என்ற குறிப்பை ஆங்காங்கே காணலாம். இன்று நம் ஊர்ச் செவிலியர் இந்துவாகவோ இசுலாமியராகவோ இருக்கலாம்; தகுந்த கருத்தோடு செய்யும் எவரும் ஆபத்தில் திருமுழுக்கு அளிக்கலாம் என்று அதே 861 ஆம் எண் இடம் தருகிறது. அவரிடம் போய்ப் பேச நமக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பேசப் போனால் மற்றவையும் தெரியவரும்: துணை சுகாதார நிலையத்துக்கு அவர் எந்தக் கிழமை வருகிறார், எந்தெந்த வீட்டுப் பெண்கள் பரிசோதனைக்கு வராமல் நின்றுவிட்டார்கள், யார் வீட்டில் யாரைச் சொன்னால் கேட்பார்கள் என்பவை.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் ஒரு மருத்துவரை அழைத்து இயற்கைக் குடும்பக்கட்டுப்பாடு பற்றி ஒரு மணி நேரம் பேசச் செய்கிறோம். அதே வகுப்பில் செவிலியர் ஒருவரை அரைமணி நேரமாவது பேச அழைக்கலாம். மாப்பிள்ளைகள் முன்வரிசையில் அமரட்டும். பேற்றின்போது உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் வழி செய்யப்பட்டிருப்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? செவிலியரிடம் என்னென்ன கேட்க வேண்டும், மனைவி செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்குப் போனால் அன்று உலை வைப்பது யார் என்பதையும் அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம். ஞாயிறு அறிவிப்புகளில் கோயில் வரிக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் நடுவே துணை சுகாதார நிலையத்தின் நாளையும் சேர்த்து வாசிக்கலாம். செவ்வாய்க் காலையில் அந்தோனியார் நவநாள் நடக்கும் பங்குகளில் அதை மாலைக்கு மாற்றிவைப்பதிலும் பெரிய சிரமம் இல்லை. சில பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.